கத்தரியும் காகிதமும்

துணி தட்டையானது, உடல் தட்டையானதன்று. இந்த இரண்டையும் இணக்கி வைப்பதுதான் தையற்கலையின் வேலை முழுவதும். சேலைக்கு இந்தத் தொல்லை இல்லை; சுற்றிக்கொண்டால் துணி தானே வளைந்து விழும். வேட்டிக்கும் இல்லை. உடலை ஒட்டி நிற்கவேண்டும், ஆனால் கையைத் தூக்கினால் அக்குள் கிழியக்கூடாது, மூச்சை இழுத்தால் பொத்தான் தெறிக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு நெய்த துணியில் ஒரு ரவிக்கை தைக்க உட்காருகிறாரே, அவருக்குத்தான் அந்தத் தொல்லை முழு உருவத்தோடு எதிரே வந்து நிற்கிறது.

பனியன் துணி இளகும். கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டதாகையால் இழுத்த பக்கம் வரும். வெட்டுகிறவர் செய்த பிழையை அதுவே மூடி மறைத்துவிடும். நெய்த துணியிடம் அந்தத் தாட்சணியம் கிடையாது. பாவு நெடுக, ஊடை குறுக்கே, இரண்டும் பூட்டிக்கொண்டு நிற்கும். மார்பு உயர்ந்து இடை ஒடுங்குமிடத்தில் மிஞ்சுகிற துணியை ஆப்பு வடிவில் மடித்துப் பிடித்தாகவேண்டும். தையற்கடைகளில் ‘டார்ட்’ என்று சொல்வது இதைத்தான். அந்த மடிப்பின் கூர்முனை மார்பின் உச்சிக்கு ஒரு விரற்கடை முன்பாகவே நின்றுவிட வேண்டும். உச்சிவரை ஓடினால் அங்கே கூம்பு முளைக்கும், முன்னதாகவே நின்றுவிட்டால் துணி பொங்கும். டார்ட்டுகளைத் தனித்தனியே பிடிக்காமல், தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ இடை வரையில் ஒரே நெடுந்தையலாக இறக்கினால் அதற்குப் ‘பிரின்சஸ் கட்’ என்று பெயர். அரசுகள் போயின, அரியணைகள் போயின. தையற்கடையில் மட்டும் இளவரசி இன்னும் குடியிருக்கிறாள்!

எங்கே எவ்வளவு பிடிப்பது, தோளின் சரிவு எத்தனை, கைக்குழியின் ஆழம் எத்தனை என்ற இந்த அறிவையெல்லாம் ஒரு தாளில் வரைந்து, வெட்டுவதற்கு ஆயத்தமாகக் கொடுத்தால் அதுதான் ‘பேட்டர்ன்’. நாம் அதனை வடிவத்தாள் என்றே இங்குக் குறிப்போம். இன்று மேலை நாட்டு நகரமொன்றில் ஒரு பெண், பெரிய நிறுவனம் எதையும் நாடாமல், தனியொரு வடிவமைப்பாளர் தம் வீட்டு மேசையில் வரைந்த வடிவத்தாளைக் கணினி வழியே விலைக்கு வாங்குகிறாள். முப்பதோ நாற்பதோ சிறு தாள்களாக அச்சிட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, தரையில் விரித்துக்கொண்டு மண்டியிட்டு அமர்ந்து வெட்டுகிறாள். எளிய காட்சிதான். ஆனால் அந்தத் தாள் அவள் வீட்டுத் தரைக்கு வந்து சேர்வதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வழிநடந்திருக்கிறது. வழியில் அதனைச் சங்கங்கள் மறித்தன, சம்பிரதாயம் மறித்தது, பூட்டிய கதவுகளும் மறித்தன. அந்த நடைப்பயணத்தைத்தான் சொல்லப் புகுகிறோம்.

பாரிசு நகரம், 17-ஆம் நூற்றாண்டு. ஆடை தைத்து விற்கும் உரிமை தையற்காரர் சங்கத்துக்கு உரியது. சங்கத்தின் தலைவர்களோ ஆடவர்கள். அப்படியானால் பெண்கள் தைக்கவில்லையா? தைத்தார்கள். தையற்காரனின் மனைவியும் மகளும் அவன் நிழலில் இருந்து தைத்தார்கள்; அந்த நிழல் இல்லாதவர்கள் மறைவாகத் தைத்தார்கள். சங்கத்தார் வந்து கண்டுபிடித்தால் துணி பறிமுதல், தண்டம். ஒரு பெண், தன்னையொத்த இன்னொரு பெண்ணுக்கு ஓர் ஆடை தைத்துக் கொடுத்தது குற்றம்! ஊசி பிடிக்கும் கையைப் பார்த்து அது யாருடைய கை என்று கேட்ட காலம் அது.

1675-இல் நிலை மாறியது. பதினான்காம் லூயி, பாரிசின் தையற்பெண்களுக்கெனத் தனிச் சங்கம் அமைய ஆணை பிறப்பித்தான். மன்னன் மனம் கனிந்தான் என்று எண்ணிவிட வேண்டாம். தொழில்களையெல்லாம் சங்கங்களாக்கிக் கட்டணம் வாங்கிக் கருவூலத்தை நிரப்பும் திட்டம் 1673 முதல் நடந்துகொண்டிருந்தது. ஆணையில் சொல்லப்பட்ட காரணம் வேறு. பெண்களைப் பெண்களே உடுத்துவிப்பது நாணத்துக்கு உகந்தது என்பது. உழைக்கும் உரிமை என்ற பேச்சு அதில் முதலிடம் பெறவில்லை, நாணம்தான் பெற்றது.

கொடுத்ததிலும் ஒரு பிடி வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆடை தைக்கலாம். ஆனால் திமிங்கில எலும்பிட்டு உடலோடு இறுக்கிப் பொருத்தும் மேற்கச்சையும், அரசவை ஆடையின் நீண்ட பின்வாலும் தையற்காரர்களுக்கே உரியவை. இதன் பொருள் என்ன? தளர்ந்து தொங்குவதைப் பெண் தைக்கலாம். உடலை அளந்து பொருத்துவதை ஆண்தான் தைக்கவேண்டும். எந்த அறிவுக்கு மதிப்பும் விலையும் உண்டோ அந்த அறிவு கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அரை உரிமையைக் கொடுத்து முழு உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளும் இந்த வித்தை நமக்குப் புதிதன்று. இதே மேலாடை பற்றித் தெற்குத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நம் இளைஞர்கள் அறிவார்கள். சாணார் என்று அரசாணைகள் குறிப்பிட்ட நாடார் பெண்கள் மேற்சீலை அணியக்கூடாது, தைத்த குப்பாயம் மட்டும் அணியலாம் என்றது 1829-ஆம் ஆண்டு ஆணை. முப்பது ஆண்டுகள் அடிபட்டும் உதைபட்டும் போராடிய பின்னர், சென்னை ஆளுநர் திரெவெலியன் நெருக்கியதால் 1859 சூலையில் வெளிவந்த ஆணையும் என்ன சொல்லிற்று? மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் மூடும் விதமாக மூடலாகாது! பாரிசில் எதைத் தைக்கலாம் என்பதில் கோடு கிழித்தார்கள். திருவிதாங்கூரில் எதை உடுக்கலாம் என்பதில் கோடு கிழித்தார்கள். கோடு கிழித்த கை ஒரே இனத்தைச் சேர்ந்ததுதான்.

பாரிசுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பெண்களுக்கு விடப்பட்ட தளர்ந்த ஆடையே சில ஆண்டுகளில் நகரின் நாகரிகமாகிவிட்டது. தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும் ‘மாந்தோ’ என்ற அந்த மேலங்கியைச் சீமாட்டிகளும் விரும்பி அணிந்தார்கள். இறுக்கிய கச்சையோடு சேர்ந்த சம்பிரதாய உடை அரசவைக்குள் ஒதுங்கிற்று. எஞ்சியதைத் தூக்கி எறிந்தவர்கள், எறிந்தது வேர்விட்டு மரமானதைக் கண்டு திகைத்தார்கள்.

உரிமை ஒருபுறம் இருக்கட்டும். அறிவு எங்கே இருந்தது? அச்சுப் புத்தகம் இல்லாமல் இல்லை. மாட்ரிட் நகரில் 1580-இலேயே யுவான் டி அல்சேகா என்ற தையற்காரர், துணியை வீணாக்காமல் வெட்டும் முறைகளைப் படங்களோடு நூலாக வெளியிட்டார். ஆனால் அது தொழில் தெரிந்தவருக்குத்தான் பேசும். பிரான்சில் 1769-இல் கார்சோ என்பவர் தையற்காரர் கலையைப் பற்றி எழுதிய நூல் அந்நாட்டு அறிவியற் கழகத்தின் வரிசையில் வந்தது. அக்காலத்தில் திதெரோவும் அவர் தோழர்களும், அரசும் திருச்சபையும் முகஞ்சுளிக்க, கலைக்களஞ்சியம் தொகுத்தார்களே, அதில் தத்துவத்தோடு தையற்கடையும் இடம்பெற்றது. ஊசியும் கத்தரியும் வெட்டிய துணித் துண்டுகளும் தகடு தகடாக வரையப்பட்டன. தொழில் மறைவைத் திறந்து வைப்பதும் பகுத்தறிவின் பணியே என்று அவர்கள் கருதினார்கள். நாமும் அப்படியே கருதுகிறோம்.

அந்நாளில் அங்குலம் குறித்த நாடா தையற்காரரிடம் இல்லை. அது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அதற்கு முன்னர், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நீளத் தாள்சீட்டு. மார்புக்கு ஒரு வெட்டு, இடைக்கு ஒரு வெட்டு, கைக்கு ஒரு வெட்டு என்று அதன் ஓரத்தில் குறிகள். எந்த வெட்டு எதற்கு என்பது வெட்டியவருக்குத்தான் தெரியும். உங்கள் உடலின் கணக்கு உங்களுக்கே புரியாத எழுத்தில் இன்னொருவர் பெட்டிக்குள் கிடந்தது! நம் ஊரில் அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொல்கிறோமே, அதுவும் ஏறத்தாழ இதே முறைதான். அந்தப் பழைய ரவிக்கை கிழிந்துவிட்டால் அதனுள் இருந்த கணக்கும் கிழிந்துபோகிறது.

பிரெஞ்சுப் புரட்சி 1791-இல் சங்கங்களின் தனியுரிமையை ஒழித்தது. சட்டம் போயிற்று, அறியாமை உடனே போய்விடவில்லை. இக்கதையின் அடுத்த பகுதி நடந்தது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில்.

அங்கே 1850-களில் மகளிர் இதழ்கள் பெருகின. நாகரிக ஆடைகளின் வண்ணப்படங்களோடு, வெட்டும் வடிவங்களையும் உள்ளங்கை அகலத்தில் அச்சிட்டன. அதைப் பெரிதாக்கிக் கொள்வது வாசகியின் பொறுப்பு. யார் உடலுக்கு? எவ்வளவு பெரிதாக? சொல்வாரில்லை. 1867-இல் தோன்றிய ‘ஹார்ப்பர்ஸ் பசார்’ இதழ் முழு அளவு வடிவங்களையே தந்தது. ஆனால் தாளை மிச்சப்படுத்த, பல ஆடைகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டது. பெரிய இரயில் சந்திப்பில் தண்டவாளங்கள் பின்னிக் கிடப்பதுபோல் கிடக்கும் அந்தக் கோடுகளில் தமக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்தவர்களுக்குப் பட்டமே கொடுத்திருக்கலாம்.

நியூயார்க்கில் எல்லன் கர்ட்டிஸ் டெமொரஸ்ட் என்ற அம்மையார் மெல்லிய தாளில் வெட்டிய வடிவங்களை விற்றார். 1860-இல் அதற்கென ஓர் இதழும் அவருடைய கணவரோடு சேர்ந்து தொடங்கினார். இந்த எண்ணம் அவருக்கு எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. அவர் வீட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் ஒருத்தி, பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளை வெட்டி வைத்து அதன்மேல் தன் ஆடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்ததை அம்மையார் கண்டாராம். அங்கே பிறந்ததாம் அந்தத் தொழில். கதை மெய்யோ புனைவோ, ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அம்மையாரின் பெயர் அகராதிகளில் இருக்கிறது, அந்தப் பணிப்பெண்ணின் பெயர் அக்கதையில் கூட இல்லை. டெமொரஸ்ட் தம்பதியர் அடிமை முறையை எதிர்த்தவர்கள், தம் பணிக்கூடத்தில் கறுப்பினப் பெண்களை வெள்ளையருடன் சமமாக வைத்து வேலை கொடுத்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அப்படிப்பட்டவர்களின் வரலாற்றிலேயே அந்தப் பெயர் காணாமற் போயிற்றென்றால், மற்றவர்கள் வரலாற்றில் எத்தனை பெயர்கள் போயிருக்கும்!

டெமொரஸ்ட் தாள்கள் முதலில் ஒரே அளவில்தான் வந்தன. தன் உடலுக்கு அதனைக் கூட்டிக் குறைக்கும் வேலை வாங்கியவளுடையது. அளவு வரிசை என்பதைக் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிற்றூர்த் தையற்காரர் எபனேசர் பட்டரிக். சின்னது, அதைவிடப் பெரியது, அதைவிடப் பெரியது என்று வரிசையாகத் தாள் வெட்டி 1863-இல் விற்கத் தொடங்கினார். அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் அவருடைய மனைவி என்பது குடும்ப வழக்கு. முதலில் வந்தவை ஆடவர், சிறுவர் உடைகள். பெண்கள் உடைகள் சில ஆண்டுகள் கழித்து வந்தன. தையற்காரர் ஒருவரே தையற்காரரின் மறைபொருளை மடித்து உறையிலிட்டுச் சில காசுக்கு விற்றார் என்பது, தன் குலத் தொழிலின் மந்திரத்தைத் தெருவில் நின்று உரக்கச் சொன்னதற்குச் சமம். மந்திரம் சொன்னதால் அவர் தலை வெடிக்கவில்லை. வணிகம் பெருகிற்று, கடல் கடந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் போயிற்று.

தையல் இயந்திரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஹோவ் 1846-இலும் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்றதும், 1856 முதல் தவணையில் விற்கப்பட்டு வீடுகளுக்குள் புகுந்ததும் பலரும் அறிந்த செய்தி. தாளும் இயந்திரமும் சேர்ந்தபோதுதான் வீட்டுப் பெண்ணின் மேசை ஒரு பட்டறை ஆயிற்று என்பது போதும்.

ரவிக்கை எங்கே என்று கேட்பீர்கள். ஐரோப்பியப் பெண்ணின் உடையில் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் பெரும்பாலும் ஒரே துணியில், ஒன்றுக்கொன்று இணையாகத் தைக்கப்பட்டு வந்தன. பாவாடையிலிருந்து பிரிந்து தனியே நின்ற மேற்சட்டை பெண்களிடையே பரவியதற்கு ஒரு புரட்சிக்காரன் காரணமானான். 1860-இல் ஆயிரம் தொண்டர்களோடு சிசிலித் தீவில் இறங்கிய கரிபால்டியின் படையினர் சிவப்புச் சட்டை அணிந்தவர்கள். இத்தாலியின் விடுதலை ஐரோப்பாவெங்கும் பேச்சானபோது, அந்தச் சிவப்புச் சட்டையைப் பெண்கள் தமக்குத் தைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயரே ‘கரிபால்டிச் சட்டை’. பட்டரிக்கின் தொடக்ககால வெற்றியும் சிறுவர்க்கான கரிபால்டி உடையின் வடிவத்தாள்தான். போர்க்களத்தின் உடுப்பு வீட்டு மேசையில் வெட்டப்பட்டது. இந்தச் சட்டையின் பேரப்பிள்ளைகளே பிற்கால ரவிக்கைகள்.

அந்த நாளில் உடை சீர்திருத்தம் என்றே ஓர் இயக்கம் எழுந்தது. 1881-இல் இலண்டனில் தோன்றிய சங்கத்தின் பெயரைக் கேட்டால் நம் தோழர்கள் துள்ளி எழுவார்கள்: பகுத்தறிவு உடைச் சங்கம்! ஹார்பர்டன் சீமாட்டி அதன் முன்னணியில் நின்றார். ஒரு பெண்ணின் உள்ளாடைகள் ஏழு பவுண்டு எடைக்கு மேற்படக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. ஏழு பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கும் மேல்! அதையே குறைந்த எடை என்று கேட்க வேண்டியிருந்ததென்றால், அதுவரை சுமந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். உடலை நசுக்கிய கச்சையை விட்டுவிட்டு, உடலை அளந்து பொருந்தும் உடையைக் கேட்டார்கள். இறுக்குவது வேறு, பொருத்துவது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் ஒரு டார்ட் செய்து காட்டுகிறது. உடலைத் துணிக்கு அடக்காமல் துணியை உடலுக்கு மடக்குகிறது.

தாள் வீட்டுக்குப் போனது, தொழிற்சாலைக்கும் போனது. அங்கே அது வேறு முகம் காட்டிற்று. ‘ஷர்ட்வெயிஸ்ட்’ என்று பெயர் பெற்ற பெண்கள் மேற்சட்டை, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் அலுவலகப் பெண், ஆசிரியை, தொழிலாளிப் பெண் எல்லோருக்கும் உரிய உடையாயிற்று. ஒரே வடிவத்தாளை வைத்து அடுக்கடுக்கான துணியை ஒரே வெட்டில் வெட்டித் தள்ளினார்கள். வெட்டுகிறவர்கள் ஆடவர்கள்; தைக்கிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், யூதரும் இத்தாலியருமான ஏழைக் குடியேறிகள். 1909 நவம்பர் 22 அன்று நியூயார்க் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் பேசிப் பேசி நேரத்தைப் போக்கியபோது, கிளாரா லெம்லிச் என்ற இளந்தொழிலாளி எழுந்து தன் தாய்மொழியாகிய இத்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினாள். இருபதாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். பல முதலாளிகள் இறங்கி வந்தார்கள். டிரையாங்கிள் ஆலையின் முதலாளிகள் சங்கத்தை ஏற்க மறுத்தார்கள்.

1911 மார்ச்சு 25, சனிக்கிழமை மாலை. வேலை முடியும் நேரம். அந்த ஆலையின் எட்டாம் மாடியில் வெட்டுமேசைக்கு அடியிலிருந்த கழிவுத் துணிப் பெட்டியில் தீப்பற்றிற்று. மேசைகளுக்கு மேலே கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தவை எவை தெரியுமா? வடிவத்தாள்கள்! தீ அவற்றைப் பற்றிக்கொண்டு பரவியது. ஒன்பதாம் மாடியில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போகாமலிருக்கப் பூட்டிய பூட்டு. தீயணைப்போர் ஏணி ஒன்பதாம் மாடியை எட்டவில்லை. மாண்டவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். பலர் சன்னல் வழியே குதித்து மாண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் முதலாளிகள் இருவரும் குற்றவாளிகளல்லர் என்று விடுவிக்கப்பட்டார்கள். தெருவில் நின்று அந்தக் காட்சியைக் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் பின்னர் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலாளர் ஆனார். அந்நாட்டு அமைச்சரவையில் முதற்பெண். ஆலைகளின் பாதுகாப்புச் சட்டங்கள் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தன. ஆயத்த ரவிக்கையின் விலைச்சீட்டில் இந்தக் கணக்கு எழுதப்படவில்லை.

வீட்டு வடிவத்தாள்களின் கதைக்கு வருவோம். அவை நெடுநாள் வெறுந்தாளாகவே வந்தன. எங்கே டார்ட், எங்கே மடிப்பு என்பதற்குத் துளைகளே அடையாளம். செய்முறை விளக்கத் தாள் 1916-இல் பட்டரிக் நிறுவனத்திலிருந்து வந்தது. கோடுகளும் எழுத்தும் அச்சிட்ட தாள்களை மெக்கால் நிறுவனம் அதன் பின்னர் கொண்டுவந்தது. எல்லாம் நல்லவை. ஆனால் எந்த உடலுக்கு வரைந்தார்கள்?

இந்தக் கேள்வியில்தான் நாம் சற்று நின்றாக வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை, 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவர் உடலிலும் 59 அளவுகள். ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்ட்டன் இருவரும் தொகுத்த அறிக்கை 1941-இல் வெளிவந்தது. ஆடைகளுக்கும் வடிவத்தாள்களுக்கும் அறிவியல் அடிப்படையில் அளவு காணும் முயற்சி, பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த அறிவியல் யாரைக் கணக்கில் எடுத்தது? வெள்ளையினப் பெண்களை மட்டும். கூட்டத்தில் வந்துவிட்ட கறுப்பினப் பெண்களை மனம் நோகாமலிருக்க அளந்தார்கள். அளந்த தாளைக் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிட்டார்கள்! அளவு நாடாவுக்கு நிறம் தெரியாது. நாடாவைப் பிடித்த துறைக்குத் தெரிந்தது. பழுப்புத் தாளில் துணி வெட்டிய அந்தப் பெயரற்ற பணிப்பெண்ணின் பேத்திகள் வந்து நின்றிருந்தாலும், ‘சராசரி அமெரிக்கப் பெண்’ணுக்குள் அவர்களுக்கு இடமில்லை.

அந்தக் கணக்கின் மீது எழுந்த அளவுத் தரம் 1958-இல் அரசால் வெளியிடப்பட்டது. 1983-இல் திரும்பப் பெறப்பட்டது. உண்மையில் சராசரி உடல் என்ற ஒன்றை எவரும் தெருவில் கண்டதில்லை. பெரிய நிறுவனங்களோ ஒரே வகையான மார்பளவை வைத்துக்கொண்டு வரிசை முழுவதையும் வரைந்தன. அக்குளுக்கு அடியில் சுற்றிய மேல்மார்பு அளவுக்கும், முழு மார்பின் அளவுக்கும் இரண்டு அங்குல வேறுபாடு. அந்த இரண்டு அங்குலத்துக்குள் அடங்காதவள் என்ன செய்வாள்? மார்புக்குப் பொருந்தும் தாளை எடுத்தால் தோள் கைமேல் தொங்கும். தோளுக்குப் பொருந்துவதை எடுத்தால் பொத்தான்கள் வாய் பிளக்கும். தன் தையல் சரியில்லை என்று வருந்துவாள். அதைவிட மோசமாக, தன் உடல் சரியில்லை என்று வருந்துவாள். தாளில் இருந்த பிழை அவள் தலைமேல் ஏறிற்று. ‘சாத்திரம் சரிதான், நீதான் தவறு’ என்ற பழைய பாட்டு அங்குலத்தில் பாடப்பட்டது!

வீட்டில் தைப்போர் குறைந்தனர். ஆயத்த ஆடை மலிந்தது. பெண்கள் வேலைக்குப் போயினர். பட்டரிக், வோக், மெக்கால், சிம்ப்ளிசிட்டி என்று நூறாண்டுக் காலம் போட்டியிட்ட பெயர்கள் 2017-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் ஒடுங்கின. ஆனால் அதற்கு முன்பே வேறொரு பக்கம் ஊற்று கிளம்பிவிட்டது. 1975-இல் கலிபோர்னியாவில் மூன்று பெண்கள் பல நாட்டு மக்களின் உடைகளை வடிவத்தாள்களாக்கி ‘போக்வேர்’ என்ற பெயரில் வெளியிட்டது ஒரு தொடக்கம். கணினி வழியே தாளை அனுப்பும் வசதி வந்தபின், அச்சுக்கூடமும் கிடங்கும் இல்லாத தனியாட்கள், பெரும்பாலும் பெண்கள், தாமே வரைந்து தாமே விற்கத் தொடங்கினார்கள். ஜென்னி ரஷ்மோர் என்பவர் 2015-இல் தொடங்கிய ‘காஷ்மெரெட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிய நிறுவனங்கள் ஒதுக்கிவிட்ட பருத்த உடலையே அவர் முதலில் எடுத்துக்கொண்டார். ஒரே இடை அளவுக்கு மூன்று வகை மார்பளவுகளில் ரவிக்கையின் முன்பாகத்தை வரைந்து தந்தார். இப்படிப்பட்ட தாள்கள் விற்பனைக்கு வருமுன் பலவகை உடலுடையோரிடம் கொடுத்துத் தைத்துப் பார்க்கச் சொல்வதும், குறை கண்டால் திருத்துவதும் இவர்களிடையே வழக்கமாகியிருக்கிறது. இவர்களிலும் வணிகர் உண்டு, அவசரக்காரர் உண்டு. சரிபார்க்காத தாளை அழகிய படம் போட்டு விற்போரும் உண்டு. தனியாள் என்பதனால் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாளைத் துணிமேல் வைத்துத் தைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

தரையில் மண்டியிட்டு அமர்ந்திருந்த பெண்ணை நாம் விட்டுவிட்டு வந்துவிட்டோம். அவள் ஒட்டி முடித்துவிட்டாள். மேல்மார்பையும் முழு மார்பையும் அளந்து பார்க்கிறாள். வேறுபாடு ஐந்து அங்குலம். அவள் வாங்கிய தாள் இரண்டு அங்குலத்துக்கு வரைந்தது. மூன்று அங்குலம் குறைகிறது. முன்பாகத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றரை அங்குலம். அளவுப்படி வெட்டிய அந்தத் தாளை அவள் மறுபடியும் வெட்டுகிறாள். கீழ் ஓரத்திலிருந்து மார்பின் உச்சி வரை ஒரு வெட்டு. அங்கிருந்து கைக்குழியை நோக்கி ஒரு வெட்டு, ஓரத்தில் ஒரு நூலிழை மட்டும் விட்டு. பக்கத் தையலிலிருந்து உச்சிக்கு இன்னொன்று. தாள் கதவுபோல் திறக்கிறது. உச்சியில் ஒன்றரை அங்குலம் இடைவெளி வரும்வரை நகர்த்தி, அடியில் ஒரு வெற்றுத்தாளை வைத்து ஒட்டுகிறாள். பக்கத்தில் திறந்த ஆப்பு அவளுடைய புதிய டார்ட் ஆகிறது. நீளம் ஒரு பக்கம் குறைந்திருக்கிறது. அதையும் ஒரு துண்டு சேர்த்துச் சரிக்கட்டுகிறாள். தோளைத் தொடவில்லை; தோள் முன்பே பொருந்தியிருந்தது.

நல்ல துணியை அவள் இன்னும் எடுக்கவில்லை. முதலில் காடாத் துணி. அதில் வெட்டி, நீளத் தையலாக ஓட்டி, உடுத்திப் பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்து, முதுகில் எங்கே சுருக்கம் விழுகிறது என்று கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். குறித்ததையெல்லாம் தாளுக்கு மாற்றுகிறாள். தாளின் ஓரத்தில் வடிவமைப்பாளரின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துவிட்டுக் கத்தரியை எடுக்கிறாள்.